ஆல்ஃபா முதலில், பீட்டா அப்புறம்

"ஹார்ட்டில் பிளாக் இருக்கிறது என்கிறார் டாக்டர். அவரே பீட்டா பிளாக்கர் என்று ஒரு மாத்திரையும் எழுதித் தருகிறார். இருக்கிற பிளாக் போதாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

நியாயமான கேள்விதான். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டால் அதைப் பிளாக் என்கிறோம். இதயத்துக்குள் மின்துடிப்பு ஓடும் பாதை தடைபட்டால் அதையும் பிளாக் என்கிறோம். மாத்திரையின் பெயரில் உள்ள பிளாக் இந்த இரண்டுமே இல்லை. அது மறிப்பது அட்ரினலினை. (மின்துடிப்புத் தடை முற்றியவர்களுக்கு பீட்டா பிளாக்கர் ஆகாது என்பதால், வாசகரின் பயத்தில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.)

அட்ரினலின் என்ன செய்யும் என்பது பள்ளியிலேயே படித்ததுதான். பயமோ கோபமோ வந்தால் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி அதை ரத்தத்தில் விடுகிறது, நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை குளிர்கிறது, மூச்சுக்குழல் விரிகிறது. இத்தனையும் செய்ய அது செல்லுக்குள் நுழைவதே இல்லை. செல்லின் மேலுறையில் பதிந்திருக்கும் ஏற்பி என்ற புரதத்தில் வந்து உட்காரும். உட்கார்ந்ததும் ஏற்பி லேசாக உருமாறி உள்ளே செய்தி சொல்லும். பிளாக்கர் மருந்தும் அதே இடத்தில் போய் உட்காரும், ஆனால் செய்தி எதையும் சொல்லாது. துண்டு போட்டு இடம் பிடிப்பது என்போமே, அதுதான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

இங்கிலாந்தில் ஹென்றி டேல் என்ற இளம் ஆய்வாளர், ரை தானியத்தில் வளரும் எர்காட் என்ற பூஞ்சையின் சாற்றைப் பூனைகளுக்குச் செலுத்தி ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்படி எர்காட் ஏறியிருந்த ஒரு பூனையிலேயே, சோதிக்கச் சொல்லி வந்த அட்ரினலின் சரக்கு ஒன்றையும் செலுத்திப் பார்த்தார். விர்ரென்று ஏற வேண்டிய ரத்த அழுத்தம் இறங்கியது. சரக்கு சரியில்லை என்று சொல்லிவிட்டார். பிறகு ஒருமுறையும் அதேபோல் நடந்தபோதுதான், கோளாறு சரக்கில் இல்லை, பூனைக்குள் முன்பே போயிருந்த எர்காட்டின் வேலை இது என்று அவருக்கு உறைத்தது. 1906இல் அதை விரிவாக எழுதினார்.

அழுத்தத்தை ஏற்றும் பொருள் எப்படி இறக்கும்? ரத்தக்குழாயின் சுவரைக் கிட்டே போய்ப் பார்ப்போம். குழாயைச் சுற்றி வளையம் வளையமாகத் தசை இருக்கிறது. அந்தத் தசைச் செல்களில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை ஏற்பிகள் உண்டு (கூட வரும் எண் உட்பிரிவைக் குறிக்கும்). ஆல்ஃபா 1இல் அட்ரினலின் உட்கார்ந்தால் செல்லுக்குள் கால்சியம் பெருகி, தசை இறுகி, குழாய் சுருங்கும். பீட்டா 2இல் அதே அட்ரினலின் உட்கார்ந்தால் தசை தளர்ந்து குழாய் விரியும். தோல், குடல் பக்கத்துக் குழாய்களில் ஆல்ஃபா ஓங்கியிருக்கும். கைகால் தசைகளுக்குப் போகும் குழாய்களில் பீட்டா 2 நிறைய இருக்கும். ஓடித் தப்ப வேண்டிய நேரத்தில் குடலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துக் காலுக்கு அனுப்ப, ஒரே பொருள் போதும். இப்படி ஓர் ஏற்பாட்டை யோசித்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அட்ரினலின் நிறையச் சேர்ந்தால் ஆல்ஃபாவின் கை ஓங்கி அழுத்தம் ஏறிவிடும். அதன் அடியில் பீட்டாவின் விரிக்கும் வேலையும் நடந்துகொண்டேதான் இருக்கும், வெளியே தெரியாது. எர்காட் ஆல்ஃபாவை மறித்தது. அடியில் இருந்தது மேலே வந்தது. அழுத்தம் இறங்கியது.

டேல் கண்ணால் பார்த்துவிட்டார், ஆனால் ஆல்ஃபா, பீட்டா என்ற பெயர்கள் அப்போது கிடையாது. அதற்கு 1948 வரை ஆனது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ரேமண்ட் ஆல்குவிஸ்ட், அட்ரினலினையும் அதன் நெருங்கிய உறவான சில வேதிப்பொருட்களையும் வெவ்வேறு உறுப்புகளில் சோதித்து, எது எங்கே வலுவாக வேலை செய்கிறது என்று வரிசைப்படுத்தினார். ஒரே ஏற்பிதான் என்றால் எல்லா உறுப்பிலும் ஒரே வரிசை வரவேண்டும். அவருக்கு இரண்டு வரிசைகள் வந்தன. குழாயைச் சுருக்குவதில் கடைசியாக நின்ற ஐசோபுரோட்டரினால், இதயத்தை முடுக்குவதில் முதலாவதாக நின்றது. ஆக, ஏற்பிகள் இரண்டு வகை. கட்டுரையை அவர் முதலில் அனுப்பிய இதழ் ஏற்கவில்லை. வேறோர் இதழில்தான் வந்தது, வந்தும் பல ஆண்டுகள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொண்டவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக். நெஞ்சுவலிக்காரர்களின் இதயத்துக்கு அதிக ஆக்சிஜனை எப்படிக் கொண்டுபோவது என்றே எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, இதயத்தின் தேவையைக் குறைத்தால் என்ன என்று அவர் கேட்டார். இதயத்தை விரட்டுவது பீட்டா என்றால் அதை மறித்தால் போதுமே. 1964இல் புரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கர் வந்தது, 1988இல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது. பூஞ்சையை ஆராய்ந்தவரிடமும் வரிசை போட்டவரிடமும் "இதனால் என்ன பயன், மூன்று வருடத்தில் காட்டு" என்று கேட்டிருந்தால் அவர்களிடம் பதில் இருந்திருக்காது. நிதி கொடுக்குமுன் அந்தக் கேள்வியை முதல் கேள்வியாக வைப்பது தவறு என்பது என் உறுதியான எண்ணம்.

டேல் பார்த்தது இன்றும் அறுவை அரங்கில் உயிரைக் காக்கிறது. அட்ரினல் சுரப்பியில் பியோகுரோமோசைட்டோமா என்ற அபூர்வமான கட்டி வரும். அது அட்ரினலினையும் அதன் நெருங்கிய உறவான நார்அட்ரினலினையும் கொட்டிக்கொண்டே இருக்கும். அழுத்தம் எகிறும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். படபடப்புதானே என்று முதலில் பீட்டா பிளாக்கர் கொடுத்தால் என்ன ஆகும்? டேலின் பூனையைத் தலைகீழாக்கிப் பாருங்கள். விரிக்கும் பீட்டா 2 மறிபட்டுவிடும், சுருக்கும் ஆல்ஃபா கேட்பாரின்றி ஆடும், அழுத்தம் உயிரைக் குடிக்கும் அளவுக்குப் போகலாம். அதனால்தான் ஆல்ஃபா முதலில், பீட்டா அப்புறம் என்பது மாறாத விதி. ஆல்ஃபாவை மறிக்க இங்கே வெகுகாலமாகப் பயன்படும் மருந்து ஃபினாக்ஸிபென்சமின். சாதாரண பிளாக்கரை, வெள்ளமாக வரும் அட்ரினலின் முட்டித் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடும். இது ஏற்பியோடு வேதிப்பிணைப்பே போட்டுவிடுகிறது, எழுப்ப முடியாது.

மற்ற மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இதயத்தில் இருப்பது பெரும்பாலும் பீட்டா 1, மூச்சுக்குழலில் பீட்டா 2. புரோப்ரனலால் இரண்டையும் மறிப்பதால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆபத்து. மெட்டோபுரோலாலும் பைசோபுரோலாலும் பீட்டா 1ஐ அதிகம் நாடும், ஆனால் டோஸ் கூடினால் அந்தப் பாகுபாடு தேய்ந்துவிடும். கண் அழுத்த நோய்க்கு விடும் டிமோலால் சொட்டுகூட மூக்கின் வழியே ரத்தத்தில் கலந்து இளைப்பை உண்டாக்கலாம். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை ஓரிரு நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்கச் சொல்வது அதற்குத்தான். ஆல்ஃபா பக்கத்தில், பிரசோசின் முதல் மாத்திரையிலேயே எழுந்து நின்றதும் தலையைச் சுற்ற வைக்கும். புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்கள் கண்புரை அறுவைக்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும், அது கண்ணின் பாவையைச் சுற்றியுள்ள ஐரிஸ் என்ற திரையைத் தொளதொளக்க வைக்கும்.

பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்துவதும் கூடாது. செய்தி வராமல் மாதக்கணக்கில் காத்திருந்த செல் கூடுதல் ஏற்பிகளை முளைக்கவிட்டிருக்கும். மருந்து விலகிய மறுகணம் வழக்கமான அட்ரினலினே இதயத்துக்குப் பேய்மழையாகிவிடும். டாக்டர் படிப்படியாகக் குறைப்பது அதனால்தான்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒன்று. சர்க்கரை தாழும்போது உடம்பு மணியடிப்பது நடுக்கத்தாலும் படபடப்பாலும்தான். இரண்டும் பீட்டாவின் வேலை என்பதால், பிளாக்கர் அந்த மணியை அமுக்கிவிடும். வியர்வையை மட்டும் அதனால் தொட முடியாது, ஏனென்றால் வியர்வைச் சுரப்பியை இயக்குவது அசிட்டைல்கோலின் என்ற வேறு ஆள். பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவருக்குக் காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தால், முதலில் விரலில் குத்தி சர்க்கரை அளவைப் பார்த்துவிடுங்கள்.