பென் டிரைவ் விளம்பரம் பொய்யானால் சட்டம் என்ன செய்யும்?

2 டெராபைட் என்று விளம்பரம் செய்த போலி பென் டிரைவைக் கணினியில் செருகினால், கணினியும் 2 டெராபைட் என்றே காட்டும். உள்ளே இருப்பது 32 ஜிகாபைட் நினைவகச் சில்லாக (சிப்) இருக்கலாம். கொள்ளளவைக் கூட்டிச் சொல்லும்படி அதன் உள்மென்பொருளையே மாற்றியிருப்பார்கள். நகலெடுக்கும்போது தடங்கல் எதுவும் தெரியாது. உண்மையான இடம் தீர்ந்தபின் எழுதப்படுபவை தொலைந்துபோகும், அல்லது பழைய கோப்புகளை அழித்துக்கொண்டு பதியும். கோப்பின் பெயர் பட்டியலில் இருக்கும்; திறக்க வராது. பணத்தைத் திரும்ப வாங்கிவிடலாம், போன படங்களை யார் தருவார்கள்?

இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதைத் தெளிவாகவே கையாள்கிறது. பொருளைப் பற்றிப் பொய்யாக விவரிப்பது, அதன் அளவிலோ தரத்திலோ வாங்குபவரைத் தவறாக நம்பவைப்பது, முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பது எல்லாமே பிரிவு 2(28)இன்படி தவறாக வழிநடத்தும் விளம்பரம்தான். பெரிய எழுத்தில் சொன்ன பொய்யைப் பொடி எழுத்துக் குறிப்பால் சரிக்கட்டவும் முடியாது. 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிமுறைகள் அதைத் தடுக்கின்றன.

ஆனால் 64 ஜிகாபைட் டிரைவ் 59.6 என்று காட்டினால் அது மோசடி ஆகாது. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கிலும், விண்டோஸ் 1,024இன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வித்தியாசம் அது. வேகம் அப்படியல்ல. 'நொடிக்கு இத்தனை மெகாபைட் வரை' என்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். எழுதும் வேகம் அதைவிட மிகக் குறைவாக இருந்தும் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், கேள்வி கேட்பதில் தவறே இல்லை.

புகாருக்கு முன் ஆதாரம் சேருங்கள். இணைய விற்பனைப் பக்கத்தை ஒரே நாளில் மாற்றிவிடலாம் என்பதால், விளம்பரத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ரசீதும் உறையும் பத்திரமாக இருக்கட்டும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவசச் செயலிகள் டிரைவை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்த்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். அந்த முடிவையும் சேமித்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் வாங்கியிருந்தால் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் அவர் தீர்வு தர வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விளம்பரத்தின் மீது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடமோ மாவட்ட ஆட்சியரிடமோ புகார் தரலாம். ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க முடியும்.

அந்த அபராதம் உங்கள் கைக்கு வராது. பணமும் இழப்பீடும் வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு தரலாம், இணையவழியிலும் தரலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. கால வரம்பு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்.