டெல்டா எண்டால் என்ன, அதுக்குச் சரியான தமிழ் எது?

தஞ்சாவூர்ப் பக்கத்துச் செய்தியள்ல "டெல்டா மாவட்டம்" எண்டு அடிக்கடி கேட்டிருப்பியள், இலங்கையில எங்கட ஓ எல் சோதனை எடுக்கிற பிள்ளையளும் புவியியல் பாடத்தில எழுதுவினம், ஆனா கனபேர் ஆறு கடலில சேருற எல்லா இடத்தையும் டெல்டா எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கினம். அது பிழை.

டெல்டா கிரேக்க எழுத்தில நாலாவது. பெரிய எழுத்தா எழுதினால் முக்கோணம். நைல் ஆறு கெய்ரோவுக்கு வடக்கால பிரிஞ்சு மத்தியதரைக் கடலுக்குப் போற நிலம் முக்கோணமா இருக்கிறதால கிரேக்கர் அந்த நிலத்துக்கு டெல்டா எண்டு பேர் வைச்சவை, கி.மு. 5ஆம் நூற்றாண்டில ஹெரோடோட்டஸும் அப்பிடித்தான் எழுதினவர். அந்த எழுத்தே கிரேக்கருக்கு ஃபினீசியரிட்டை இருந்து வந்தது, அவையின்ர மொழியில அதின்ர பேர் தாலெத், கதவு எண்டு கருத்து.

எங்கட நாட்டில களனி கங்கை கடலோட சேருற இடம் முகத்துவாரம். துவாரம் எண்டதுக்கும் வடமொழியில வாசல் எண்டுதான் கருத்து. ஆனா முகத்துவாரம் ஆத்தின்ர வாய் மட்டும்தான். டெல்டா எண்டுறது அந்த வாயில ஆறு கொண்டுவந்து கொட்டின மண், அதாவது ஆறு தானே உண்டாக்கின நிலம்.

இந்த மண் எங்கயிருந்து வருது எண்டு பாத்தால்தான் சொல் விளங்கும். மலையில சரிவு கூட, தண்ணி வேகமா விழுந்து நிலத்தை ஆழமா அரிச்சுக்கொண்டு கல்லையும் உருட்டிக்கொண்டு வரும். சமவெளிக்கு வந்தாப்பிறகு வளைஞ்சு வளைஞ்சு போகும், வளைவின்ர வெளிக்கரையை வெட்டும், உள்கரையில மணலைப் போடும், அதாலதான் ஆறு காலப்போக்கில இடம் மாறுது. கடலுக்குக் கிட்ட வேகம் செத்துப்போகும், அப்ப பருமணல் முதல்ல படியும், பிறகு நுண்மணல், கடைசியா களி, அதுவும் உப்புத்தண்ணி பட்ட உடன களித்துகள் ஒண்டோடொண்டு ஒட்டிப் பாரமாகிக் கீழ இறங்கும். படிஞ்ச மண் ஆத்தையே மறிக்க ஆறு ரெண்டா மூண்டாப் பிரியும். அப்பிடிப் பிரியிறது கிளையாறு. வந்து சேருறது துணையாறு, ரெண்டையும் மாத்தி எழுதாதேங்கோ. மாரியில பெருமழை விட்ட உடன ஒழுங்கை வெள்ளம் பள்ளக்காணிக்க இறங்கிற இடத்தைக் குனிஞ்சு பாருங்கோ, விசிறி மாதிரி மணல் விரிஞ்சு கிடக்கும், அதுக்கு மேல சின்னச் சின்ன வாய்க்காலாத் தண்ணி பிரிஞ்சு ஓடும்.

யாழ்ப்பாணத்தில இதைப் பெரிசாக் காண ஏலாது. தொண்டைமானாறு பேரில ஆறு, ஆனா கடனீரேரி, அதாவது கடல்தண்ணி உள்ள வந்து தேங்கி நிக்கிற ஏரி. வழுக்கையாறு மாரியில மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடனீரேரியில விழுகுது, தட்டையான சுண்ணாம்புக்கல் நிலத்தில அரிச்சுக் கொண்டுவர மண்ணும் இல்லை, வேகமும் இல்லை. பாக்கோணும் எண்டால் திருகோணமலைப் பக்கம் போகோணும். 335 கிலோமீற்றர் ஓடிவாற மகாவலி அங்க பிரிஞ்சு, ஒரு கிளை வெருகலாறா கடலுக்குப் போகுது, மற்றது கொட்டியாரக் குடாவில சேருது. மகாவலி எண்ட பேருக்கே சிங்களத்தில பெருமணல் எண்டுதான் கருத்துச் சொல்லுகினம்.

இனித் தமிழ்ச்சொல். கழிமுகம் எண்டு சிலர் டெல்டாவுக்கு எழுதுகினம், சிலர் கடல்தண்ணி ஏறி இறங்கிற ஆத்துவாய்க்கு எழுதுகினம், ரெண்டும் அச்சில இருக்கு, பிள்ளையள் குழம்பிறது இதாலதான். கழி எண்டது உப்புநீர் ஏறிக் கிடக்கிற இடம், சங்கப் பாட்டில நெய்தல் நிலத்தில திரும்பத் திரும்ப வாற சொல். அப்பிடிப் பாத்தால் கழிமுகம் வாய்க்குத்தான் பொருந்தும், அதுக்குப் பொங்குமுகம் எண்டும் ஒரு சொல் இருக்கு. டெல்டாவுக்கு நான் கழிமுகநிலம் எண்டுதான் எழுதுவன். நிலம் எண்டு சேத்தால் வாயோ மண்ணோ எண்ட சந்தேகம் வராது. முக்கோணத்தை இழுத்துவைச்சுச் சொல் ஆக்கத் தேவையில்லை, மிசிசிப்பியின்ர கழிமுகநிலம் பறவைக்கால் மாதிரி விரல் விரலா நீண்டு கிடக்கு.

இந்த நிலம் ஒருக்கா உண்டாகினால் அப்பிடியே கிடக்கும் எண்டும் இல்லை. 1970இல அஸ்வான் பெரிய அணை கட்டி முடிச்சாப்பிறகு நைல் கொண்டுவந்த வண்டல் அணைக்குப் பின்னால நிண்டுபோச்சு, இப்ப நைலின்ர ஒரு கிளை கடலில சேருற ரொசெட்டாப் பக்கத்துக் கரையைக் கடல் அரிச்சுக்கொண்டிருக்கு.