வெங்காயத்து நாரும் கீரையின் இரும்பும்

திருகோணமலையில் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குக்குப் போனால் இரும்புச்சத்துக் குளிசை தருவார்கள். அதைத் தேநீரோடு போட வேண்டாம் என்றும் சொல்லிவிடுவார்கள். தேயிலையிலுள்ள பொலிபீனோல்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு, குடலுக்கு விடாது. சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கிற நமக்கு இது சின்ன விஷயமில்லை. இரும்பு உள்ளே போகப் பிரிபயோடிக், அதாவது குடலிலுள்ள நல்ல பக்டீரியாக்களுக்கு உணவாகும் பொருள், உதவுமா என்பதே இங்கே கேள்வி.

சூரை மீனின் இரத்தத்திலும் தசையிலும் உள்ள ஹீம் எனும் வகை இரும்பு ஓரளவு சுலபமாக உள்ளே போகும். முருங்கையிலை, பருப்பு, குரக்கனில் இருப்பது அப்படியல்ல. அது பெரும்பாலும் ஃபெரிக் எனும் வடிவத்தில் இருப்பதால், குடல் ஏற்கும் ஃபெரஸ் வடிவமாக மாறிய பிறகே சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலுள்ள புரதம் ஒன்று அதை உள்ளே கடத்தும். குரக்கனிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பற்றிக்கொள்வதால் இதற்குத் தடை. கீரைச் சுண்டலில் பிழியும் தேசிக்காய் இங்கே உண்மையாகவே உதவுகிறது, ஏனென்றால் விற்றமின் சி இந்த மாற்றத்தைச் செய்து தரும்.

சரி, பிரிபயோடிக் எங்கே வருகிறது? வெங்காயத்திலும் உள்ளியிலும் இனுலின் என்ற நார் உண்டு. நம்மால் அதைச் செரிக்க முடியாது. பெருங்குடலில் பிஃபிடோ என்ற நல்ல பக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து அமிலங்களை உண்டாக்கும். அமிலச் சூழலில் இரும்பு கரைந்த நிலையிலேயே நிற்கும், அதனால் கூடுதலாக உறிஞ்சப்படலாம் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்த்தார்கள். இரும்புச்சத்துக் குறைந்த பெண்களுக்கு 4 வாரங்கள், தினமும் சுமார் 20 கிராம் இனுலின் கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல பக்டீரியாக்கள் பெருகின, மலத்தின் அமிலத்தன்மையும் கூடியது. ஆனால் இரும்பு உறிஞ்சுவது குறிப்பிடும்படி கூடவில்லை. யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. இரும்பு நுழையும் முக்கிய வாசல் சிறுகுடலின் தொடக்கத்திலேயே இருக்கிறது. புளிப்பு நடப்பதோ சில மீற்றர் தள்ளி, பெருங்குடலில்.

பாற்சர்க்கரையிலிருந்து தயாரிக்கும் இன்னொரு பிரிபயோடிக்கான கலக்டோ ஒலிகோசக்கரைடு வேறு முடிவைக் காட்டியது. இரும்பு இருப்புக் குறைந்த பெண்களுக்கு, ஃபெரஸ் ஃபியூமரேட் என்ற இரும்புச் சேர்மத்துடன் 15 கிராம் அதை ஒரே வேளையில் கொடுத்தபோதே உறிஞ்சல் கூடியது. பக்டீரியா பெருக அந்த நேரம் போதாது. ஆகவே வயிற்றிலும் சிறுகுடலிலும் அது நேரடியாகவே ஏதோ செய்கிறது என்று நினைக்க இடமுண்டு.

கென்யாவில் கைக்குழந்தைகளுக்கு 5 மில்லிகிராம் இரும்புள்ள சத்துப்பொடியில் இதே கலக்டோ ஒலிகோசக்கரைடைக் கலந்து கொடுத்தபோதும் உறிஞ்சல் கூடியது. அங்கே கண்ட இன்னொரு பலனையே நான் பெரிதாக மதிக்கிறேன். உறிஞ்சப்படாத இரும்பு பெருங்குடலுக்குப் போனால், நோய் தரும் பக்டீரியாக்கள் அதைத் தின்று வளரும். பிஃபிடோ பக்டீரியாக்களுக்கு இரும்பு அவ்வளவு தேவையில்லை. இந்தச் சர்க்கரை சேர்ந்தபோது, இரும்பால் குழந்தைகளின் குடலுக்கு வந்த கெடுதல் குறைந்தது.