பிடித்த வாயுவை எங்கே வைப்பது?

உர ஆலையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஷிஃப்ட் இன்சார்ஜ் ஒரு கண்ணாடிக் குடுவையில், கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் அமீன் கரைசலைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். "வெளிர் மஞ்சளா இருந்தா நிம்மதி. டிகாஷன் கலருக்கு வந்துடுச்சுன்னா நமக்குத் தூக்கம் கிடையாது." கார்பன் டை ஆக்சைடைப் பிடிப்பது எங்கள் தொழிலில் பழைய வேலைதான். புகையில் அதைச் செய்யும்போது 40 டிகிரி வாக்கில் கரைசல் வாயுவை உறிஞ்சிக்கொள்ளும், 120 டிகிரிக்குக் காய்ச்சினால் விட்டுவிடும். இந்த வேதியியல் எந்த நாட்டுக்குப் போனாலும் மாறாது.

"அப்புறம் ஏன் சார் நார்வேக்காரன் செய்றதை நாம செய்யலை?" என்று பயிற்சி வகுப்புகளில் தவறாமல் கேட்பார்கள்.

நார்வேயின் பிரேவிக் சிமென்ட் ஆலையையே எடுத்துக்கொள்வோம். 2025இல் தொடங்கிய அந்தப் பிரிவு ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் அளவில் கட்டப்பட்டது. அது ஆலை விடுவதில் ஏறக்குறைய பாதி. ஏன் பாதியோடு நின்றார்கள்? கரைசலைக் காய்ச்ச, ஆலையில் வீணாகப் போகும் வெப்பம் அவ்வளவுக்குத்தான் போதும். மீதியையும் பிடிக்க வேண்டுமென்றால் தனியாக எரிபொருள் எரிக்க வேண்டும். பிடித்ததைத் திரவமாக்கிக் கப்பலில் மேற்குக் கரைக்கு அனுப்பி, கடலடித் தரைக்குக் கீழே சுமார் 2,600 மீட்டர் ஆழத்துப் பாறையில் செலுத்துகிறார்கள். செலவில் பெரும்பங்கு அரசுடையது. இந்தப் பழக்கமும் நேற்று வந்ததல்ல. 1991இலேயே அங்கே கார்பன் வரி வந்துவிட்டது. வரி கட்டுவதைவிடப் புதைப்பது மலிவு என்று கணக்குப் போட்டு, 1996 முதல் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் கடலுக்கடியில் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே வரியில்லை, சலுகைதான். ஆலைப் புகையிலிருந்து பிடித்துப் புதைக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 85 டாலர் வரை வரியில் கழித்துக்கொள்ளலாம். இந்த வாயுவைச் செலுத்திப் பழைய எண்ணெய்க் கிணறுகளில் மிச்ச எண்ணெயைத் தள்ளி எடுக்கவே பெரும்பாலும் போட்ட 8,000 கிலோமீட்டர் குழாய்களும் இருக்கின்றன. எண்ணெயை நம்பினால் அதற்கும் ஒரு விலை உண்டு. டெக்சாஸில் நிலக்கரி மின்நிலையப் புகையைப் பிடிக்கும் பெட்ரா நோவா, 2020இல் எண்ணெய் விலை சரிந்ததும் நின்றது. மறுபடி ஓடியது 2023இல். அதே 2020இல் மிசிசிப்பியின் சடார்ஷியாவில் மழையில் மண் சரிந்து அப்படியொரு வாயுக் குழாய் வெடித்தது. 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் பள்ளத்தில் தேங்கிவிட்டது. கார் எஞ்சின்கள்கூட அணைந்துபோயின.

சரி, நம் ஊர்? தூத்துக்குடியில் நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் ஆலை 2016இலேயே வந்தது. மானியம் இல்லாமல் வந்தது என்பதால் உலகமே திரும்பிப் பார்த்தது. பிடித்த வாயு சோடா உப்பாகிறது (சோடா ஆஷ்). தொழில்நுட்பமாக எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அந்த உப்பு கண்ணாடி உலைக்குப் போனால் உருகும்போதே வாயு திரும்ப வெளியே வந்துவிடும். வெளியிலிருந்து வாயு வாங்கும் செலவு மிச்சம், அது நல்ல லாபம். புதைத்ததாகக் கணக்கு எழுத மட்டும் முடியாது.

இன்னொரு சிக்கல் எங்கள் குடுவையில் தெரியும். கந்தகம் நீக்கும் கருவி இல்லாத பாய்லர்களின் புகை அப்படியே வந்தால், கந்தக டை ஆக்சைடு அமீனோடு சேர்ந்து உப்பாகிவிடும். காய்ச்சினாலும் அது பிரியாது. அதனால் இப்போதெல்லாம் யாராவது திட்ட அறிக்கையை நீட்டினால், நான் பிடிக்கும் கோபுரத்தின் படத்தைப் பார்ப்பதில்லை. அதற்கு முன்னால் புகையைக் கழுவ என்ன வைத்திருக்கிறார்கள், கடைசிக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று இரண்டை மட்டும் தேடுகிறேன். பாதி அறிக்கைகளில் அந்தக் குழாய் காகிதத்தின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது.