அடிபட்ட நாரையைத் தூக்கினால் கேஸ் வருமா?

ஏரிக்கரையில் சிறகு முறிந்து ஒரு நத்தைக்குத்தி நாரை கிடக்கிறது. சிலர் வீட்டுக்குத் தூக்கிவந்து மஞ்சள் பத்துப் போடுவார்கள். இனிப் பிழைக்காது என்று தெரிந்தால், துடிக்கவிடக்கூடாதென்று கழுத்தைத் திருகிவிடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே இரக்கத்தில் செய்வதுதான். ஆனால் சட்டத்தின் கணக்கில் முதலாவது அரசுச் சொத்தை வைத்திருப்பது, இரண்டாவது வேட்டை. இது தெரியாமல் மாட்டிக்கொண்டு, வனத்துறை அலுவலக பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் சுருக்கமாக. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972. கொல்வது மட்டுமல்ல, பிடிப்பதும் காயப்படுத்துவதும்கூட அதில் ‘வேட்டை’தான். 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி சட்டத்தின் உயிரினப் பட்டியல் 1, 2-இல் உள்ள எதையும் வேட்டையாடக்கூடாது. கொக்கும் நாரையும் காட்டு வாத்துகளும் முன்பு பட்டியல் 4-இல் இருந்தன, இப்போது அவை 1, 2-இல். பல அலுவலகச் சுவர்களில் இன்னும் அந்தப் பழைய அட்டவணைதான் தொங்குகிறது. அதை நம்பி ‘சாதாரணப் பறவைதானே’ என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள்.

கருணைக்கொலைக்கு வழியே இல்லையா? இருக்கிறது, காகிதத்தில். குணமாகவே முடியாத அளவுக்கு முடமான அல்லது நோயுற்ற விலங்கைக் கொல்ல பிரிவு 11 அனுமதிக்கிறது. அனுமதி உங்களுக்கு அல்ல. பட்டியல் 1 பறவை என்றால் தலைமை வனஉயிரினக் காப்பாளர் காரணம் எழுதி எழுத்தில் உத்தரவிட வேண்டும். அவர் சென்னையில் இருக்கிறார், பறவை உங்கள் ஊர் வாய்க்காலில் கிடக்கிறது. பட்டியல் 2 என்றால் அதிகாரம் பெற்ற அலுவலரே உத்தரவிடலாம். மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் பிரிவு 13-ஐக் காட்டுவார்கள் சிலர். அதன்படி கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட ஒரு போலீஸ் அதிகாரி வர வேண்டும், கால்நடை மருத்துவர் சான்று தர வேண்டும், மாஜிஸ்திரேட் உத்தரவும் வேண்டும். இத்தனை பேரும் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை ஒரு மடையான் உயிரோடு காத்திருக்க வேண்டும் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்தார்கள் போல. ஆக, நீங்களாகக் கழுத்தைத் திருகாதீர்கள். நல்லெண்ணத்தில் செய்தேன் என்பது உதவாது. தற்காப்புக்காகக் கொன்றால்தான் நல்லெண்ணத்துக்கான விலக்கு, வலியைத் தீர்ப்பதற்காகக் கொன்றால் அது பொருந்தாது.

உங்களைக் காப்பாற்றுவது வனஉயிரினச் சட்டத்தின் பிரிவு 39. காட்டுப் பறவை உங்கள் கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறையின் அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும், கேட்டால் ஒப்படைக்க வேண்டும். ‘காவல் நிலையத்திலோ’ என்பதைக் கவனியுங்கள். “இது ஃபாரஸ்ட் மேட்டர், அங்க போ” என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்புவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

ஆனால் அனுப்புவார்கள். வலையில் சிக்கிய நீர்க்காகத்தை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு ஒரு மீனவர் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். வன அலுவலகத்தில் சரகர் கேம்ப் போயிருந்தார். கால்நடை மருத்துவமனையில் வனத்துறை கடிதம் இல்லாமல் கைவைக்க மறுத்தார்கள். 1962-க்குப் போன் போட்டால் அது கால்நடைக்கான ஆம்புலன்ஸ். சாயங்காலம் பறவை செத்தது. மறுநாள் வந்த முதல் கேள்வி: “எப்படிச் செத்துச்சு? நீ என்ன பண்ணுன?”

அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. சிக்கல் அங்கேதான். போனில் சொன்னது கணக்கில் வராது. ஒரு வெள்ளைத்தாளில் பறவை கிடந்த இடம், நேரம், காயம், யாரிடம் சொன்னீர்கள் என்று நான்கு வரி எழுதி ஸ்டேஷனில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, கேளுங்கள். தர மறுத்தால் அதே மனுவைக் காவல் நிலையத்துக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் அன்றே ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். தபால் ரசீதில் தேதி இருக்கும். ஒப்படைக்கும்போது வனவரோ வனக்காப்பாளரோ யார் வாங்கினாலும் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். “நம்ம ஆளுதான், எதுக்குப் பேப்பர்” என்பார்கள். பரவாயில்லை, எழுதுங்க சார் என்று நில்லுங்கள்.

தூக்காமலே முடிந்தால் இன்னும் நல்லது. நைலான் நூல் மட்டும் சுற்றியிருந்தால் அங்கேயே அறுத்து விடுங்கள். பறந்துவிட்டால் வேலை முடிந்தது. கண்ணி வைத்தோ ஏர்கன்னால் சுட்டோ விழுந்த பறவை என்றால் கண்ணியையோ வலையையோ கையில் எடுக்காதீர்கள், இருந்த இடத்திலேயே போட்டோ எடுங்கள். கண்ணியோடு வழியில் நிற்கிறவரைப் பார்த்தால் காப்பாற்ற வந்தவர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் துண்டைப் போட்டு மூடி முதலில் அலகைப் பிடியுங்கள். நாரை, கொக்கு இனங்கள் கண்ணைப் பார்த்துத்தான் குத்தும். காற்றோட்டமுள்ள பெட்டி, இருட்டு, சத்தமில்லாத இடம் போதும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். வலியில் கிடக்கும் பறவைக்கு நீங்கள் சட்டப்படி செய்யக்கூடியது இவ்வளவுதான். பல பறவைகள் சேர்ந்து செத்துக் கிடந்தால் தொடவே தொடாதீர்கள், பறவைக் காய்ச்சலாக இருக்கலாம்.

குணமான பிறகு நம்மோடு ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்வது இன்னொரு குழி. உத்தரப் பிரதேசம் அமேதியில் அடிபட்ட சாரஸ் கொக்கை ஒருவர் தேற்றினார். அது அவர் பின்னாலேயே சுற்றிய வீடியோ நாடெங்கும் ஓடியது. 2023 மார்ச்சில் வனத்துறை கொக்கை எடுத்துக்கொண்டது, அவர் மீது வழக்கும் போட்டது. ஆதாரம் அவர்கள் தேட வேண்டியிருக்கவில்லை. ரீல்ஸ் போடுகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

மாட்டிய பிறகு, “இணக்கக் கட்டணம் கட்டிட்டுப் போயிடு” (கோர்ட்டுக்குப் போகாமல் பணம் கட்டி முடிப்பது) என்று ஒரு தாளை நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பறவையைப் பிடித்ததாக நீங்களே ஒப்புக்கொள்ளும் வரி அதில் இருக்கலாம். 48 மணி நேரத்துக்குள் கொடுத்த மனுவின் நகல் கையில் இருந்தால் அதை முதலில் மேஜையில் வையுங்கள்.

பறவை உங்கள் கையிலேயே செத்துப்போனாலும் அது அரசுச் சொத்துதான். புதைத்துவிடாதீர்கள், ஓர் இறகைக்கூட எடுத்து வைக்காதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள். மனு கொடுத்த அதே இடத்தில் செத்த நேரத்தையும் எழுதிக் கொடுத்து, உடலை ஒப்படைத்ததற்கும் கையெழுத்து வாங்குங்கள்.