ரத்தத்துக்குப் போக மிச்சம்தான் மூளைக்கு

"ஹீமோகுளோபின் 11.4 இருக்கிறது. நல்ல அளவுதானே, பிறகு எதற்கு இரும்புச்சத்து மாத்திரை?" என்று ஆறு மாதக் கர்ப்பிணியான வாசகி ஒருவர் கேட்டிருந்தார். மாத்திரை போட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று வீட்டில் வேறு சொல்கிறார்களாம். மாத்திரையால் கறுப்பது மலம் மட்டும்தான். குழந்தையின் நிறம் பெற்றோரின் மரபணுக்களில் இருக்கிறது. அதை இரும்பும் மாற்றாது, குங்குமப்பூவும் மாற்றாது. இந்தப் பேச்சை நம்பி மாத்திரையைத் தூக்கி எறியும் வீடுகளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

முதல் கேள்விக்கு வருவோம். ஹீமோகுளோபினில் இரும்பு உண்டு, அது ஆக்சிஜனைச் சுமக்கிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் உடலில் இரும்பு குறையும்போது ஹீமோகுளோபின்தான் கடைசியில் குறைகிறது. கருவில் இருக்கும் சிசுவுக்கும் இதுவே விதி. கிடைக்கும் இரும்பை முதலில் சிவப்பணுக்கள் எடுத்துக்கொள்கின்றன. பற்றாக்குறை வந்தால் கல்லீரலின் சேமிப்பு கரையும், அடுத்து தசையும் இதயமும் இழக்கும், பிறகு மூளை. ஆற்றில் தண்ணீர் குறைந்த வருடத்தில் தலைமடை வயல் பச்சையாக இருக்க, கடைமடை காய்ந்து கிடக்கும் அல்லவா? ஹீமோகுளோபினை மட்டும் அளப்பது தலைமடையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது போன்றது.

தாய்க்கு நீரிழிவு கட்டுக்குள் இல்லாத கர்ப்பத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தாயின் ரத்தத்தில் மிகுந்த சர்க்கரை சிசுவுக்கும் போகிறது. சிசு அதிக இன்சுலின் சுரக்கிறது, அதிக ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. ஆக்சிஜன் போதாமல் போகவே, எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோன் கூடி, சிவப்பணுக்கள் மேலும் மேலும் உருவாகின்றன. அவ்வளவுக்கும் இரும்பு வேண்டும். தாயிடமிருந்து வருவது போதாதபோது சிசுவின் மற்ற உறுப்புகளிலிருந்து அது உருவப்படுகிறது. இப்படிப் பிறக்கும் குழந்தைக்கு ரத்தம் நிறைந்தே இருக்கும், மூளைதான் பட்டினி கிடந்திருக்கும்.

அந்தப் பட்டினி முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ். புதிய நினைவுகள் பதிய அவசியமான பகுதி அது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலும் பிறந்த முதல் சில மாதங்களிலும் அது மிக வேகமாக வளர்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் கிளை விட்டு ஒன்றையொன்று தொட வேண்டும். அதற்கு ஏராளமான ஆற்றல் தேவை. ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் புரதங்கள் இரும்பில்லாமல் இயங்கா. ஆற்றல் குறைந்தால் கிளைகள் குட்டையாக நின்றுவிடுகின்றன. எலிகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். பிற்பாடு இரும்பு கொடுத்து மூளையிலுள்ள இரும்பின் அளவைச் சரிசெய்தாலும், வளர்ந்த எலிகள் நினைவாற்றல் சோதனைகளில் பின்தங்கின. கிளைவிடும் பருவம் கடந்துவிட்டிருந்தது.

மனிதக் குழந்தையிடம் இதை எப்படிச் சோதிப்பது? அமெரிக்காவின் மினசோட்டாவில் மைக்கேல் ஜார்ஜியெஃப் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. பிறந்த குழந்தையின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, தாயின் குரலையும் அந்நியப் பெண்ணின் குரலையும் கேட்க வைத்தார்கள். நலமான குழந்தைகளின் மூளை அலைகள் இரு குரல்களுக்கும் வேறு வேறாக எழுந்தன. நீரிழிவுள்ள தாய்மாரின் குழந்தைகளில், அதிலும் மூளைக்கு இரும்பு குறைந்திருக்கக்கூடியவர்களிடம், அந்த வேறுபாடு மங்கியிருந்தது. கருவிலேயே கேட்டுப் பழகிய குரல் அது!

நேபாளத்தில் கர்ப்பகாலத்தில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பெற்ற தாய்மாரின் பிள்ளைகளை 7 முதல் 9 வயதில் சோதித்தார்கள். அவை பெறாதவர்களின் பிள்ளைகளைவிட, ஒன்றை மனத்தில் நிறுத்திவைத்து வேலை செய்யும் திறன் இவர்களிடம் மேலாக இருந்தது. 2010இல் வெளியான முடிவு இது.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) இந்தியாவில் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். இவர்கள் ஹீமோகுளோபின் குறைந்தவர்கள் மட்டுமே. சேமிப்பு கரைந்து, ஹீமோகுளோபின் இன்னும் குறையாதவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை. சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையை அரசு மருத்துவமனைகளில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்ய வேண்டும், அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை, அரசு தரும் 60 மில்லிகிராம் இரும்பு மாத்திரையை மருத்துவர் சொன்னபடி விடாமல் போடுங்கள். டீ, காபி, கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்க்காதீர்கள், அவை இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நல்லது. வயிற்றைப் புரட்டினால் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிரசவத்தின்போது தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது கழித்துக் கட்டச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்குள் இறங்கும் ரத்தம், அடுத்த சில மாதங்களுக்கான இரும்பையும் கொண்டுவருகிறது. இதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.