நட்சத்திரம் ஒட்டினால் நல்ல பிள்ளை ஆகிவிடுமா?

எல்கேஜி வகுப்புகள் பலவற்றில் சுவரில் ஒரு சார்ட் தொங்கும். பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். கிரேயானைப் பகிர்ந்துகொண்டால் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர், அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தினால் இன்னொன்று. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் சின்னக் குழந்தைகளின் உதவும் குணத்தை ஆராய்ந்தவர்கள் அந்தச் சார்ட்டைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

காரணம், அந்தக் குணம் பள்ளிக்கு வருவதற்கு முன்பே குழந்தையிடம் இருக்கிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஃபெலிக்ஸ் வார்னக்கன், மைக்கேல் டொமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்றரை வயதுக் குழந்தைகள் 24 பேர். முன்பின் தெரியாத ஓர் ஆள் கொடியில் துணி காயப்போடுகிறார். கிளிப் கைதவறிக் கீழே விழுகிறது. எட்டி எட்டிப் பார்க்கிறார், எட்டவில்லை. "எடுத்துக் கொடு" என்று யாரும் சொல்லவில்லை. இன்னொரு காட்சியில் அவர் இரண்டு கை நிறையப் பத்திரிகைகளோடு போய் மூடிய அலமாரியில் முட்டிக்கொண்டு நிற்கிறார். இப்படிப்பட்ட காட்சிகளில் ஒன்றிலாவது 22 குழந்தைகள் தாமாகப் போய் உதவினார்கள், அதுவும் பெரும்பாலும் 10 விநாடிக்குள். அதே கிளிப்பை அவர் வேண்டுமென்றே தூக்கிப் போட்டபோது பெரும்பாலும் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. ஆக, கீழே கிடப்பதையெல்லாம் எடுக்கிற விளையாட்டு அல்ல இது. அவருக்கு என்ன தேவை என்பது குழந்தைக்குப் புரிந்திருக்கிறது.

சரி, பாராட்டு வாங்கத்தான் உதவுகிறதோ? 2012-ல் ராபர்ட் ஹேபாக் குழுவினர் இரண்டு வயதுக் குழந்தைகளின் கண்மணியை அளந்தார்கள். மனத்தில் ஒரு பரபரப்பு இருந்தால் கண்மணி விரியும். ஒருவர் சிரமப்படுவதைப் பார்த்ததும் அது விரிந்தது. குழந்தையே போய் உதவியதும் சுருங்கியது. குழந்தையை அம்மாவோ அப்பாவோ பிடித்துவைத்துக்கொள்ள, வேறொருவர் வந்து உதவியபோதும் அதே அளவு சுருங்கியது. யாருமே உதவாதபோது மட்டும் விரிந்தே இருந்தது. நல்ல பெயர் யாருக்குப் போகிறது என்பதில் அந்தக் குழந்தைக்கு அக்கறையில்லை. சிரமப்பட்டவருக்குச் சிரமம் தீர்ந்தால் போதும்.

இப்போது இதன் மேல் பரிசை வையுங்கள். வார்னக்கனும் டொமசெல்லோவும் 2008-ல் 20 மாதக் குழந்தைகளில் சிலருக்கு, உதவியபோதெல்லாம் ஒரு சின்னக் கட்டையைக் கொடுத்தார்கள். அதை ஒரு பெட்டியில் போட்டால் சத்தம் வரும், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். அப்புறம் கட்டையை நிறுத்திவிட்டுப் பார்த்தால், பரிசு வாங்கிப் பழகியவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைவாகவே உதவினார்கள். வாயால் மட்டும் பாராட்டப்பட்டவர்களிடம் அப்படிப் பெரிய சரிவு இல்லை.

படம் வரைவதிலும் இதே கதைதான். மார்க் லெப்பர் குழுவினர் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், வரைய ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் சிலரிடம் மட்டும் "வரைந்தால் சான்றிதழ் உண்டு" என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, விருப்பம்போல் விளையாடும் நேரத்தில் அவர்கள்தான் மற்றவர்களில் பாதி அளவுக்கே வரைந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக, கெடுப்பது பரிசைவிடப் பேரம்தான். 'இதைச் செய்தால் அது கிடைக்கும்' என்று ஆனபின், அது கிடைக்காதபோது இதை ஏன் செய்ய வேண்டும்?

பரிசு வேண்டாம் என்றால், ஆசிரியர் கையில் வேறு என்ன இருக்கிறது? எனக்குப் பிடித்த விடை 2011-ல் நேச்சர் இதழில் வந்தது. மூன்று வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர், ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துச் சேர்ந்து இழுத்தால்தான் ஒரு பலகை நகர்ந்து கோலிக்குண்டுகள் கைக்கு வரும். ஒருவருக்கு மூன்று, மற்றவருக்கு ஒன்று என வேண்டுமென்றே ஏறுமாறாக வரும்படி அமைத்திருந்தார்கள். சேர்ந்து இழுத்தபோது, மூன்று கிடைத்த பிள்ளை பெரும்பாலும் ஒன்றை எடுத்து மற்றவரிடம் கொடுத்து இரண்டிரண்டாக்கியது. எந்த வேலையும் செய்யாமல் அதே குண்டுகள் கிடைத்தபோதோ, தனித்தனியாக இழுத்தபோதோ, இந்தத் தாராளம் வெகுவாகக் குறைந்துவிட்டது. சிம்பன்சிகளிடம் இப்படி வித்தியாசம் தெரியவில்லை. அவற்றுக்கு உழைப்பு வேறு, பங்கு வேறு போலிருக்கிறது.

வகுப்பறையில் இதற்குக் கயிறும் பலகையும் தேவையில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஜமுக்காளம் விரிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையால் தனியாக முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடிக்க வேண்டும், ஒருவர் அவசரப்பட்டால் கோணிக்கொள்ளும். ஆயாம்மா தனியாகச் செய்தால் ஒரு நிமிட வேலை, பிள்ளைகள் செய்தால் ஐந்து நிமிடம். அந்தக் கூடுதல் நான்கு நிமிடத்தைப் பாட நேரத்தில் சேர்க்கலாம் என்பேன். சேர்ந்து பாடுவதும் வெறும் பொழுதுபோக்கு அல்ல. நான்கு வயதுப் பிள்ளைகள் ஜோடியாகப் பாடி ஆடிய பிறகு, ஒருவர் கையிலிருந்த குழாயிலிருந்து கோலிக்குண்டுகள் கொட்டிவிட, மற்றவர் உதவிக்கு வருவது கூடியதாக 2010-ல் வந்த இன்னொரு லைப்சிக் ஆய்வு காட்டியது.

அப்புறம் அந்த 'ஸாரி சொல்லு' விவகாரம். ஒருவன் இன்னொருத்தியின் கட்டைக் கோபுரத்தைத் தள்ளிவிடுகிறான். மிஸ் வருகிறார், ஸாரி சொல்ல வைக்கிறார், அவனும் வேறெங்கோ பார்த்தபடி சொல்கிறான், வழக்கு முடிந்தது. ஆனால் கோபுரம் தரையில்தானே கிடக்கிறது? 6, 7 வயதுப் பிள்ளைகளிடம் பிளாஸ்டிக் கப்புகளால் கட்டிய கோபுரத்தை வைத்தே இதைச் சோதித்திருக்கிறார்கள். இடித்தவர் மன்னிப்புக் கேட்டதைவிட, திரும்பக் கட்ட உதவியபோதுதான் கட்டிய பிள்ளையின் மனம் ஆறியது. எல்கேஜி வயதுக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் "வா, நாம மூணு பேரும் சேர்ந்து திரும்பக் கட்டலாம்" என்று சொல்ல மிஸ்ஸுக்குச் செலவு ஒன்றுமில்லை.

இதெல்லாம் நடக்க, மிஸ்ஸுக்கும் பிள்ளைக்கும் ஒட்டுதல் இருக்க வேண்டும். பிரிட்ஜெட் ஹேம்ரே, ராபர்ட் பியாண்டா இருவரும் அமெரிக்காவில் 179 பிள்ளைகளை மழலையர் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை தொடர்ந்து கவனித்து 2001-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதல் ஆசிரியரோடு உரசலாகவே இருந்த பிள்ளைகளின் மதிப்பெண்ணிலும் நடத்தையிலும் அதன் தடம் எட்டாம் வகுப்பு வரை தெரிந்தது. ஏற்கெனவே முரண்டு பிடிக்கிற பிள்ளைகளிடம் அது இன்னும் அழுத்தமாக இருந்தது. ஆசிரியரின் பொறுமையைச் சோதிப்பவர்களும் அவர்கள்தான், அந்த உறவு அதிகம் தேவைப்படுபவர்களும் அவர்கள்தான்.

அதனால் அட்மிஷனுக்குப் போகிறவர்கள் ஸ்மார்ட் போர்டு உண்டா என்பதோடு இன்னொன்றும் கேட்கலாம்: "ஒரு பிள்ளை இன்னொன்றைக் கடித்துவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" கடித்த பிள்ளைக்கு என்ன தண்டனை என்று மட்டும் பதில் வந்தால், இன்னும் இரண்டு பள்ளிகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.